தட்டு வருதுய்யா

என் புருஷனை அடிக்காதவன் இங்கிலாந்துல எவனாவது பாக்கி இருக்கானான்னு நானே ஒரு காலத்துல கேட்டிருக்கேன். லிவர்பூல்காரன் அடிச்சான், கார்டிஃப்காரன் அடிச்சான், ஸ்காட்லாந்துலேருந்து ரயிலேறி வந்து ஒருத்தன் அடிச்சுட்டுப் போனான். ஒருத்தனாலயும் அவரைக் கீழ தள்ள முடியல, அது வேற விஷயம். ஆனா பாயிண்ட் கணக்குல ஜெயிச்சுட்டுப் போயிடுவானுங்க. இவரு வீங்கின மூஞ்சியோட வீட்டுக்கு வந்து, "விழலையே புள்ள, நின்னுட்டுத்தானே தோத்தேன்"னு சொல்லுவாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

கிளெம் ப்ளூர்னு சொன்னா ஸ்டோக்ல எங்க லாங்டன் பக்கம் தெரியாதவங்க கிடையாது. மிடில்வெயிட் குத்துச்சண்டைக்காரரு. ஆனா சோறு போட்டது சூளை வேலை. எங்க ஊரே பீங்கான் ஊரு. கப்பு, சாசர், தட்டு எல்லாத்தையும் மண்பெட்டிக்குள்ள வச்சு, அந்தப் பெட்டியைத் தலையில தூக்கிட்டுப் போய் சூளைக்குள்ள ஏணி ஏறி அடுக்கணும். வளர்ந்த பையன் ஒருத்தனைத் தலையில உக்கார வச்சுட்டு ஏணி ஏறுற மாதிரி கனம். தலை இம்மி அசைஞ்சா போதும், முதலாளியோட டீ செட்டு மொத்தமும் தரையில கிடக்கும். கிளெம்மோட அப்பாவுக்கும் அதே வேலை. இவரு பள்ளிக்கூடத்தை விட்ட மறுநாளே பெட்டி தூக்கப் போனாரு. கழுத்து அப்படியே தூணாயிடுச்சு. என் கிழிஞ்ச காலுறையைத்தான் சுருட்டி சும்மாடு கட்டிக்குவாரு. காலுறைக்காகத்தான் என்னைக் கட்டிக்கிட்டியான்னு கேட்டா சிரிப்பாரு.

நான் ஐடா. அதே தொழிற்சாலையில தட்டோட ஓரத்துக்குத் தங்கக் கோடு போடுற வேலை. கை நடுங்கக் கூடாது, வாய் மட்டும் எவ்வளவு வேணா ஆடலாம். எங்க பட்டறைப் பொம்பளைங்க வாயைப் பத்தி ஊருல ஒரு மாதிரியாத்தான் சொல்லுவாங்க, அதுல பொய் ஒண்ணும் இல்ல.

அவரை நான் முதல்ல பார்த்ததே சண்டையிலதான். ஆகஸ்ட்ல சூளையெல்லாம் அணைச்சு ஊருக்கே லீவு விடுற வாரம். திருவிழாக் கொட்டகையில, எங்க ஆளோட மூணு ரவுண்டு தாக்குப் பிடிக்கிறவங்களுக்கு ஒரு பவுண்டுன்னு ஒருத்தன் கூவுறான். சட்டையைக் கழட்டிட்டு ஏறுனது இவரு. மூணு ரவுண்டும் நட்ட கல்லு மாதிரி நின்னு அடி வாங்குனாரு. கடைசியில அடிச்சவன்தான் மூச்சு வாங்கி ஸ்டூல்ல உக்காந்தான். மூக்குல ரத்தத்தோட இறங்கி வந்தவருகிட்ட என் கைக்குட்டையை நீட்டினேன்.

"ஏன்யா, தலையைக் கொஞ்சம் அசைச்சா குறைஞ்சா போயிடுவ?"

"அசைச்சா உடைஞ்சிடுமே"ன்னாரு.

எங்களுக்குள்ள முதல் பேச்சு அதுதான். இந்த ஆளுக்குக் கிறுக்குன்னு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டேன்.

கசாப்புக் கடைக்கார செப் டாம்ஸ்தான் கோச்சு. மதுக்கடை மாடியில சாக்கு மூட்டையைத் தொங்கவிட்டு, அதை ஆட்டிவிட்டு, தலையை விலக்குடா விலக்குடான்னு வருஷக்கணக்காக் கத்தினாரு. மூட்டை வந்து நேரா மூஞ்சியில மோதும், இவரு அசைய மாட்டாரு. அப்படியும் நிறைய சண்டை ஜெயிச்சாரு. அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சவனை ஒரே இடது குத்துல படுக்கப் போட்டுடுவாரு. ஆனா மேல போகப் போக வர்றவன் கெட்டிக்காரனா இருந்தான். தூரமா நின்னு தட்டித் தட்டிப் பாயிண்ட் எடுப்பான். எங்க நாட்டுல சண்டைக்குத் தீர்ப்புச் சொல்றது ரிங்குக்குள்ள நிக்குற ரெஃப்ரி ஒருத்தருதான். மணி அடிச்சதும் நேரா நடந்து போய் ஜெயிச்சவன் கையைப் பிடிச்சுத் தூக்குவாரு, முடிஞ்சது. பாயிண்ட் கணக்குக்குப் போன சண்டையில ஒண்ணுலகூட ஒரு ரெஃப்ரியும் கிளெம் பக்கம் நடந்து வந்ததில்ல. ஆர்மராட்னு ஒரு நெட்டையான ஆளு, அவருதான் பாதி சண்டைக்கு வருவாரு. அந்த ஆளு பேரைக் கேட்டாலே நான் அடுப்புல கரியை அள்ளிக் கொட்டுவேன்.

கிளெம் மட்டும் யாரையும் குறை சொல்ல மாட்டாரு. போகப் போக, கடைசி மணி அடிச்சதும் தன் மூலையைப் பார்த்துத் திரும்பிக்கிட்டு கையுறையை அவுக்க ஆரம்பிச்சுடுவாருன்னு செப் வந்து சொல்லுவாரு. கூட்டம் கத்துற சத்தம் கேட்டதும் எதிராளிகிட்ட போய்க் கை குடுத்துட்டு வந்துடுவாரு. எவ்வளவு தடவை பார்த்தாச்சு, இதுல பார்க்க என்ன இருக்குன்னு கேப்பாரு.

முப்பத்தோரு வயசுல வந்தது வினை. பெரிய சண்டை வேணும்னா தலையாட்டக் கத்துக்கிட்டே ஆகணும்னு சொல்லி, ஏற்பாட்டாளர் ஒருத்தர் இவரை லண்டனுக்கு அனுப்பினாரு. ஒரு மாசம் கழிச்சுத் திரும்பி வந்த ஆளு, குடிகாரன் வீடு தேடுற மாதிரி ஆடிக்கிட்டு வந்தாரு. நாட்டிங்காம்ல ஒரு பொடிப் பயலோட சண்டை. தலையை ஆட்டினாரு, ஆட்டின பக்கமே குத்து காத்திருந்துச்சு. ரெண்டாவது ரவுண்டுலயே, வாழ்க்கையில முதல் தடவையா, தரையில கிடந்தாரு. பத்திரிகைக்காரனுக்குக் கொண்டாட்டம், ஸ்டோக் சிலை உடைஞ்சதுன்னு எழுதினான். அன்னைக்கு அந்தப் பேப்பரை நெருப்புல போட்டுட்டு அழுதேன். கோபத்துல அழுதேன்னு சொல்லிக்கிட்டாலும், பாதி பயம்தான்.

ஆனா பாருங்க, அந்தத் தோல்விதான் கதவைத் திறந்துச்சு. பிரிட்டிஷ் சாம்பியன் டெரன்ஸ் கேப்பல், லண்டன்காரன், தலைமுடி கலையாம சண்டை போடுறவன், பட்டத்தைக் காப்பாத்திக்க ஒரு லேசான ஆளைத் தேடிக்கிட்டிருந்தான். உடைஞ்ச சிலை ஒண்ணு கிடக்குன்னு கேள்விப்பட்டு, பக்கத்து ஊரு ஹேன்லியில எங்க ஆளுங்க முன்னாடியே வச்சு சாத்தலாம்னு ஆளனுப்பிட்டான். செப் மூச்சிரைக்க எங்க வீட்டுக்கு ஓடி வந்தாரு. இதுல தோத்தா அப்புறம் எந்த ஊருலயும் நம்மளக் கூப்பிட மாட்டாங்க, கடைசி வாய்ப்புன்னு அவரே சொன்னாரு. கிளெம் யோசிச்சுச் சொல்றேன்னாரு.

சாயங்காலம் ஓட்ஸ் தோசையும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டு முடிச்சு, தட்டைத் தள்ளி வச்சுட்டு மெதுவா ஆரம்பிச்சாரு. வேண்டாம்னு சொல்லிடப் போறாராம். ஊர் முன்னாடி அசிங்கப்பட வேண்டாமாம்.

"பட்டம் வேணாமா உனக்கு?"ன்னு கேட்டேன்.

"பட்டத்தை விடு புள்ள. ஒருத்தனைப் படுக்க வச்சா ரெஃப்ரி கையைத் தூக்குறாரு, அது நானா புடுங்கிக்கிட்டது. பதினஞ்சு ரவுண்டும் பார்த்துட்டு, இவன்தான் நல்லா சண்டை போட்டான்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒருத்தர் வந்து தூக்கணும். அது நமக்கு நடக்காது. விட்டுடுவோம்."

இவ்வளவு ஆசையை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு விட்டுடுவோம்கிறாரேன்னு எனக்கு வந்த கோபத்துக்கு, கையில கிடைச்ச தட்டைத் தூக்கி அவரு மேல எறிஞ்சேன். எங்க ஊருல தட்டுக்குப் பஞ்சமா? கீறல் விழுந்தது, கோடு கோணினதுன்னு கழிச்சுப் போட்டது வீட்டுக்கு வீடு அடுக்கிக் கிடக்கும். தட்டு சுவத்துல போய் நொறுங்கிச்சு. இன்னொண்ணு எறிஞ்சேன், அதுவும் சுவத்துல. மூணாவதை ஓங்கினப்பதான் என் கை அப்படியே நின்னுச்சு.

எழுந்து நின்ன ஆளு தலையை ஆட்டவே இல்ல. தலை நிமிர்ந்தபடியே இருக்கு, பார்வை என் மேலயே இருக்கு. முட்டி மட்டும் மடங்கி, ஆளு நேரா கீழ இறங்கி நேரா மேல வர்றாரு. தட்டு போற நேரத்துக்கு அங்க தலை இல்ல.

"யோவ், கல்யாணம் ஆனதுலேருந்து எறியுறேன். ஒண்ணாவது உன் மேல பட்டிருக்கா?"

யோசிச்சுப் பார்த்தாரு. "ஒண்ணு பட்டுச்சு. தூங்கிட்டிருந்தேன்."

"எப்படிய்யா தப்பிக்கிற?"

"சூளை வாசல் உயரம் கம்மியாச்சே. தலையில பெட்டியோட நுழையணும்னா இப்படித்தான் இறங்கி ஏறணும். அந்தப் பழக்கம்தான்."

"அதை ஏன்யா ரிங்குல செய்யல?"

"அங்க ஏது வாசல்?"

எனக்குச் சிரிக்குறதா அழுறதான்னே தெரியல. இங்கிலாந்து பூரா அடி வாங்கின மனுஷனை நான் ஒருத்தி அடிக்க முடியாம இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். எங்களுக்கெல்லாம் சூளை வேற, சண்டை வேற. சூளையில கத்துக்கிட்டதை ரிங்குக்கு எடுத்துட்டுப் போகலாம்னு ஒரு மண்டைக்கும் தோணல, என் மண்டையையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

மறுநாள் செப்பை வரவழைச்சு அவரு கண்ணு முன்னாடியே அரை டஜன் தட்டு எறிஞ்சு காட்டினேன். வாயைப் பிளந்துட்டு, குத்துச்சண்டைப் புத்தகத்துல இப்படி ஒண்ணு இல்லையேன்னாரு. எழுதினவன் என் வீட்டுல குடியிருந்ததில்லன்னு சொன்னேன். அன்னைக்கே சண்டைக்கு ஒப்புத்துக்கிட்டு ஆளனுப்பினாரு.

அப்புறம் எங்க கொல்லைப்பக்கம் நடந்த கூத்தைக் கேக்கணுமே. தெருவே கழிச்ச தட்டைக் கூடையில தூக்கிட்டு வந்துடுச்சு. முதல்ல நான் மட்டும்தான் எறிஞ்சேன். அப்புறம் பக்கத்து வீட்டு மில்லி ஹோலின்ஸ் வந்தா. அவளுக்கு இடது கை, அவ எறிஞ்சா தட்டு வளைஞ்சு வரும். நான் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம், நடுவுல கையுறை மாட்டிக்கிட்டு எங்காளு. தட்டு வருதுய்யான்னு கத்திட்டு எறிவோம், இறங்கி ஏறுவாரு. ஏறும்போதே இடது கையால செப் பிடிச்சிருக்கிற மெத்தையில ஒண்ணு வைப்பாரு. செப் ரெண்டு தடவை குப்பைத் தொட்டிக்குள்ள போய் விழுந்தாரு. எறிஞ்சுட்டுப் போன பொம்பளைங்க மறுநாள் புருஷனையும் கூட்டிட்டு வந்தாங்க, புருஷனுக்கும் கொஞ்சம் பழகட்டும்னு.

சண்டை நாள். மத்தியானம் எடை பார்த்தப்ப மிடில்வெயிட்டுக்கு உச்ச எடையான பதினோரு ஸ்டோன் ஆறு பவுண்டுக்குக் கொஞ்சம் கம்மிதான், குறை ஒண்ணும் இல்ல. குறை என் விஷயத்துலதான் வந்துச்சு. பொண்டாட்டி சண்டைக்கு வந்தா ஆகாதுன்னு ஒரு வழக்கம் உண்டு. நானும் இத்தனை வருஷம் வீட்டுல உக்காந்து நகத்தைக் கடிச்சிருக்கேன். நான் வராம போன பெரிய சண்டை எல்லாம் தோல்விதானே, வந்து பார்த்தா என்னன்னு செப்பைக் கேட்டேன். தங்கக் கோடு போடுற பட்டறை மொத்தமும் தொப்பி போட்டுக்கிட்டு என்கூட வந்து முன்வரிசையில உக்காந்துச்சு.

ரெஃப்ரி ரிங்குக்குள்ள ஏறினாரு. ஆர்மராட். பேப்பர் படத்துல பார்த்த அதே நெட்டை, அதே இறுகின மூஞ்சி. மில்லி என் முழங்கையைப் பிடிச்சு, வாயைத் திறக்காதடின்னா.

முதல் மூணு ரவுண்டும் பார்க்கச் சகிக்கல. ஊர்க் கூட்டம், விளக்கு, சாம்பியனோட பட்டு அங்கி, எல்லாத்தையும் பார்த்ததும் எங்காளு பழைய சிலையாயிட்டாரு. கேப்பல் சுத்திச் சுத்தி வந்து தட்டுறான், தலைமுடி கலையல. ஆர்மராட் தன் அட்டையில குறிச்சுக்கிட்டே இருக்காரு. செப் மூலையிலேருந்து முட்டி முட்டின்னு கத்துறாரு, அது காதுல ஏறுற மாதிரி தெரியல. நாலாவது ரவுண்டு மணி அடிச்சுது. கேப்பல் தோளை இறக்கி இடது கையை நீட்டப் போறான். என்னை அறியாம எழுந்து நின்னுட்டேன்.

"தட்டு வருதுய்யா!"

படக்குன்னு இறங்கினாரு. கேப்பலோட கை வெறும் காத்துல போச்சு. ஏறும்போது இடது கை அவன் விலாவுல போய் இறங்குச்சு. அந்தச் சத்தம் எனக்கு முன்வரிசையில கேட்டுச்சு.

அப்புறம் என்ன, பட்டறை மொத்தமும் எழுந்துடுச்சு. கேப்பல் தோள் அசைஞ்சா போதும், தட்டுன்னு கத்துறோம். பின்னாடி உக்காந்திருந்த சூளை ஆளுங்களுக்கும் விஷயம் புரிஞ்சுபோச்சு. ஆறாவது ரவுண்டுல அந்த ஹால் முழுக்க ஒரே குரலா தட்டு தட்டுன்னு அதிருது. லண்டன் பத்திரிகைக்காரன் ஒருத்தன் இதுங்களுக்குப் பசிக்குதான்னு பக்கத்துல கேட்டானாம். பத்தாவது ரவுண்டு வர்றப்ப எங்களைக் கேக்காமலே கிளெம் இறங்கி ஏற ஆரம்பிச்சுட்டாரு. கேப்பல் தலைமுடி கலைஞ்சு கண்ணுல விழுந்துச்சு. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்ல முடியாது.

ஆனா சாம்பியன்னு சும்மாவா சொல்றாங்க? பன்னெண்டாவது ரவுண்டுல கண்டுபிடிச்சுட்டான். நேரா குத்துற மாதிரி தோளைக் காட்டினான். நாங்க தட்டுன்னு கத்தினோம், கிளெம் இறங்கினாரு. அவன் அந்தக் கையை இழுத்துக்கிட்டு, வலது கையைக் கீழேருந்து மேல கொண்டுவந்தான். எங்காளு மல்லாந்து விழுந்தாரு. அத்தனை சத்தமும் அடங்கிப்போச்சு. நாங்க கத்தினதாலதானே விழுந்தாருன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். ஆர்மராட் எண்ணுறாரு. எட்டு வர்றப்ப ஒரு முட்டியை ஊனி, தலையை நிமித்தி, பெட்டியோட எழுந்துக்கிற மாதிரி மெதுவா எழுந்தாரு. அந்த ரவுண்டு முடியுற வரைக்கும் அவனைக் கட்டிப் பிடிச்சே தொங்கினாரு.

இடைவேளையில கயித்துகிட்டப் போய் நின்னேன். செப் முறைச்சாரு, கண்டுக்கல.

"இனிமே கத்த மாட்டோம்யா. நீயே பார்த்துக்கோ."

"கத்துங்க, அவன் அதை நம்பட்டும்"னாரு, ஒதடு கிழிஞ்ச வாயோட.

பதிமூணாவது ரவுண்டு. கேப்பல் தோளைக் காட்டினான், ஊரே தட்டுன்னு கத்துச்சு. கிளெம் இறங்குற மாதிரி முட்டியை லேசா மடக்கிட்டு அங்கேயே நின்னாரு. கீழேருந்து வந்த கை மூக்குக்கு முன்னாடி ஒண்ணுமில்லாத இடத்தைக் குத்திட்டு மேல போச்சு. திறந்து கிடந்த தாடையில எங்காளு வலது கையை வச்சாரு. கேப்பல் கயித்துல போய் விழுந்து நிமிர்ந்தான். அதுக்கப்புறம் எப்ப இறங்குவாரு எப்ப நிப்பாருன்னு அவனுக்குத் தெரியல. சத்தியமா எங்களுக்கும் தெரியல. கத்துறது மட்டும்தான் எங்க வேலை. பதினஞ்சாவது ரவுண்டுல ரெண்டு பேரும் நடு ரிங்குல நின்னு, தெம்பு இருக்கிற வரைக்கும் மாத்தி மாத்திக் குத்திக்கிட்டாங்க. பொம்பளைங்க தொப்பியெல்லாம் காலடியில மிதிபட்டுக் கிடந்துச்சு. மணி அடிச்சுது.

கேப்பல் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நின்னான், சாம்பியனுக்கு அது பழக்கம். கிளெம் எங்களுக்கு முதுகைக் காட்டித் தன் மூலைக்குப் போய், செப்கிட்ட கையுறையை நீட்டிட்டாரு. அவருக்கு அதுதான் பழக்கம். ஆர்மராட் அட்டையைப் பார்த்துக் கூட்டினாரு. பென்சிலைச் சட்டைப் பையில போட்டாரு. முதல் மூணு ரவுண்டும் போச்சே, பன்னெண்டும் போச்சேன்னு என் மனசு கணக்குப் போட்டு மாயுது. சமமா வந்தாலும் பட்டம் அவனுக்குத்தான். கடவுளே, அந்த நெட்டைக் காலு இந்தப் பக்கம் திரும்பட்டும்னு வாய்விட்டே வேண்டினேன்.

ஆர்மராட் நடந்தாரு. கேப்பலைத் தாண்டி நடந்தாரு.

கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கிளெம் வழக்கம்போல திரும்பி, கை குடுக்கறதுக்காக கேப்பல் மூலையைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சாரு. ரெஃப்ரி எதிர்ல வந்து அவரு மணிக்கட்டைப் பிடிச்சுட்டாரு. நான் அதுக்குள்ள ஓடிப்போய்க் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கைக்கெட்டுற தூரத்துல நிக்குறேன், ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. எங்காளு ரொம்ப மரியாதையா அந்தப் பக்கம் கையைக் காட்டினாரு.

"சார், அவரு அங்க நிக்குறாரு."

"தெரியும்ப்பா, பார்த்துட்டுத்தான் வர்றேன்"னு சொல்லிட்டு, அந்த நெட்டை மனுஷன் என் புருஷன் கையைத் தன் தலைக்கு மேல தூக்கினாரு.